வீட்டுச் சுவருக்குச் சரி, பீட்சா அடுப்புக்குத் தப்பு

எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது எரிவது இரண்டாவது அடுப்பு. முதல் அடுப்பு நாலு மாதம்தான் தாங்கியது. கடைசிக் கடைசியில், வெளியே எடுத்த பீட்சாவின் சீஸ் மேல் வெளுத்த பொடி தூவினாற்போல் கிடந்தது. விறகுச் சாம்பல் பறந்து விழுந்திருக்கும் என்று ஊதிவிட்டுத் தின்றோம். பல்லில் நறநறவென்று பட்ட பிறகுதான், அடுப்பு ஆறியதும் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கற்கள் அப்படியே இருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சாந்துதான் விரல் பட்டதும் திருநீறு மாதிரி உதிர்ந்தது.

கட்டிக்கொடுத்த மேஸ்திரி அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கவே வேண்டாம். வம்பே அதுதான். அதே செங்கல், அதே கரண்டி, அதே ரசமட்டம் என்பதால் வேலையும் அதேதான் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டோம். வீட்டுச் சுவருக்கு நல்லது என்று அவர் கை தானாகச் செய்ததெல்லாம் 400 டிகிரி அடுப்புக்குக் கெடுதலாக முடிந்தது.

"சிமென்ட் இல்லாம எப்படித் தம்பி நிக்கும்?"

அவர் கேட்ட முதல் கேள்வி இது. எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் என்று கலவை போட்டு அரைக்கோளக் கூரையைக் கட்டி முடித்தோம்.

நேப்பிள்ஸ் பாணிப் பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும். அதற்கு அடுப்பின் தளம் 400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். கூரை அதற்கும் மேலே. சாதாரண சிமென்ட் 300 டிகிரியைத் தாண்டினாலே வலு இழக்க ஆரம்பிக்கும். 400க்கும் 500க்கும் இடையில் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, தனக்குள் பிணைந்திருக்கும் நீரை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. அடுப்பு ஆறியதும் அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மறுபடி உப்பும். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்தால் பொங்கி மாவாகுமே, அது சாந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எரித்து ஆறவைத்தால் நாலு மாதத்தில் என்ன ஆகும் என்று எங்கள் அடுப்பு காட்டிவிட்டது.

கையால் கலக்கும் சாந்து என்றால் பலரும் நம்பும் அளவு இது: மூன்று பங்கு சலித்த நைஸ் மணல், ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, ஒரு பங்கு ஃபயர் கிளே என்னும் சூடு தாங்கும் களிமண். சிமென்ட் இதிலும் உண்டே என்று கேட்கலாம். கட்டும்போது கல்லைப் பிடித்து நிறுத்த மட்டும்தான் அது. நாளடைவில் சிமென்ட் செத்தாலும் சுண்ணாம்பும் களிமண்ணும் பிடித்துக்கொள்ளும். உள்பக்கம் இணைப்பு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. மூன்று, நாலு மில்லிமீட்டர் போதும். கல்லைச் சீவி நெருக்கமாக உட்கார வைக்கப் பொறுமை இல்லாமல் இடைவெளி முழுக்கச் சாந்தை அப்புவதும் வீட்டுச் சுவர்ப் பழக்கம்தான்.

ரெடிமேட் சாந்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஃபயர் கிளே மார்ட்டர் என்று விற்கும் சில வகைகள் 1000 டிகிரிக்கு மேல் போனால்தான் இறுகும். அவை தொழிற்சாலை உலைக்கானவை. நம் அடுப்பு அந்தச் சூட்டைக் காணப்போவதில்லை, ஆகவே அந்தச் சாந்து கடைசிவரை காய்ந்த களிமண்ணாகவே இருக்கும். சூளைச் சூடு இல்லாமல் காற்றிலேயே இறுகும் "ஏர் செட்டிங்" வகைதானா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

கல்

230க்கு 115க்கு 75 மில்லிமீட்டர் அளவில் ஃபயர் பிரிக் என்னும் சூடு தாங்கும் செங்கல் கிடைக்கும். ஐஎஸ் 6, ஐஎஸ் 8 என்று தரம் சொல்லி விற்பார்கள். பீட்சாவுக்கு ஐஎஸ் 6 தாராளம். கல்லில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) கூடக் கூட நல்லது என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அலுமினா அதிகமான கல் சூட்டை வேகமாக மாவுக்குள் தள்ளும். மேலே சீஸ் உருகுவதற்குள் அடி கருகிவிடும். நல்ல சூளையில் முற்ற வெந்த நாட்டுச் செங்கல் கூரைக்குத் தாங்கும். தளத்துக்கு மட்டும் ஃபயர் பிரிக்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதில் மூன்று வகையில் ஏமாறலாம். தூக்கினால் பஞ்சு போல இருக்கும் இன்சுலேஷன் கல்லை ஃபயர் பிரிக் என்று வாங்கித் தளம் போடுவது ஒன்று. அது சூட்டைத் தடுக்கத்தான் தெரிந்த கல், பீட்சாவை உள்ளே தள்ளி எடுக்கும் துடுப்பு உரசியே தேய்ந்துபோகும். நிஜமான ஃபயர் பிரிக் ஒன்று நாலு கிலோ பக்கம் எடை வரும். பழைய உலையை இடித்த கல்லைக் காயலான் கடையில் மலிவாக வாங்குவது இன்னொன்று. அது எந்த உலோகத்தோடு வெந்ததோ, குரோமியம் கலந்த கல்லோ, யார் கண்டது? சோறு வேகிற இடத்தில் அது வேண்டாம். மூன்றாவது, தளக் கல்லைச் சாந்து போட்டு ஒட்டுவது. தளத்தை வெறுமனே நெருக்கி அடுக்குங்கள். நாளைக்கு ஒரு கல் விரிசல் விட்டால் பெயர்த்து மாற்றலாம். கூரையைத் தளத்தின் மேல் ஏற்றாமல் தளத்தைச் சுற்றிக் கட்டுவதும் இதற்காகத்தான்.

கனமான சுவர் என்னும் ஆசை

முதல் அடுப்பின் கூரை ஒன்பது இஞ்ச் கனம். "நாலரை இஞ்ச் சுவர்னா தடுப்புச் சுவருக்குத்தான் ஆகும்" என்றார் அண்ணன். நானும் கனமாக இருந்தால் சூடு நிற்கும் என்று தலையாட்டினேன். மூன்று மணி நேரம் எரித்தும் தளம் 300ஐத் தாண்டவில்லை. கல்தான் சூட்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் பிள்ளைகள் பசி தாங்காமல் தோசை சுட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

கனமான அடுப்பு தவறே இல்லை, பேக்கரிக்காரருக்கு. இலங்கையில் பாண் சுடும் போறணையை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் எரிகிற அடுப்பு அது, முழுசாக ஆறுவதே இல்லை. விறகை எரித்துத் தணலை வாரி வெளியே போட்டுவிட்டு, கல் குடித்து வைத்த சூட்டில் ரொட்டியை வேகவைப்பார்கள். பீட்சாவுக்கு நெருப்பு உள்ளேயே ஓரமாக எரிந்துகொண்டிருக்கும். தீநாக்கு கூரையைத் தடவிக்கொண்டு போக வேண்டும். வாரம் ஒருநாள் எரிக்கிற நமக்கு நாலரை இஞ்ச் போதும். சூட்டை நிறுத்துவது அதற்கு மேலே சுற்றும் போர்வையின் வேலை.

அந்தப் போர்வையில்தான் நாங்கள் காசு மிச்சம் பிடித்தோம். முதல் அடுப்பில் கான்கிரீட் பலகை, அதன் மேல் மணல், மணல் மேல் தளக் கல். மணல் சூட்டைத் தடுக்காது, அதுவும் குடிக்கும். ஒருநாள் விறகு எடுக்க அடுப்பின் கீழே கையை விட்டபோது பலகையின் அடிப்பக்கம் தொட முடியாத சூட்டில் இருந்தது. நாங்கள் எரித்த விறகில் பாதி, கீழே அடுக்கியிருந்த விறகைக் காயவைக்கத்தான் போயிருக்கிறது.

இப்போதைய அடுப்பில் தளத்துக்குக் கீழே நாலு இஞ்ச் வெர்மிகுலைட் கான்கிரீட்: ஐந்து பங்கு வெர்மிகுலைட்டுக்கு (சூட்டில் பொரித்த லேசான கனிமத் துகள்) ஒரு பங்கு சிமென்ட். கூரைக்கு மேல் ஒரு இஞ்ச் செராமிக் பிளாங்கெட், அதாவது சூடு தாங்கும் இழைப் போர்வை, மூன்று சுற்று. அதை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஏசி குழாய்க்குச் சுற்றும் கண்ணாடிக் கம்பளி இதற்கு மாற்றாகாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை உடைத்துப் போடலாமே என்று யாராவது சொன்னால் அவரை அடுப்புப் பக்கமே விடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் அடுப்பு தயாராகிறது. உள்ளே 400 டிகிரி எரியும்போது எங்கள் வீட்டுப் பூனை கூரை மேல் சுருண்டு படுத்துத் தூங்குகிறது.

வாசலும் புகைபோக்கியும்

சமையலறைப் புகைபோக்கி அடுப்புக்கு நேர் மேலே இருக்கும். அதே பழக்கத்தில் கூரை உச்சியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால், விறகின் சூடு முழுக்க வானத்துக்குத்தான் போகும். புகைபோக்கி வாசலுக்கு மேல், கூரைக்கு வெளியே இருக்க வேண்டும். வாசலின் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போகும், தீ பின்சுவரில் ஏறிக் கூரையில் உருண்டு வந்து, புகையாக மேல்பாதி வழியே வெளியேறிக் குழாயில் ஏறும். ஒரே வாசல்தான் மூச்சை இழுக்கவும் விடவும்.

ஆகவே வாசல் உயரம் விளையாட்டுக் காரியமில்லை. கூரையின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதம் என்பது அடுப்பு கட்டுபவர்களின் கணக்கு. 36 இஞ்ச் விட்டமுள்ள அடுப்பில் கூரை 18 இஞ்ச் என்றால் வாசல் 11 இஞ்ச் சொச்சம். பெரிய பாத்திரம் நுழையட்டும் என்று வாசலை உயர்த்தினால் சூடு ஓடிவிடும். தாழ்த்தினால் புகை மூச்சுமுட்டி உங்கள் முகத்தில் வரும். குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சு அந்தச் சூட்டில் நிற்காது, அதன் புகையும் நல்லதில்லை.

வாசலுக்கு மேல் லின்டலாக இரும்பு ஆங்கிளையோ, கூரைக்குள் கம்பியையோ வைக்க மேஸ்திரிகளுக்குக் கை துறுதுறுக்கும். சூட்டில் இரும்பு, கல்லைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். உள்ளிருந்து கல்லை நெம்பிவிடும். வாசலைக் கல் வளைவாகவே கட்டலாம்.

கம்பி வேண்டிய இடம் கீழே, பலகையில். மொத்தக் கட்டுமானமும் ஒன்றரை டன்னுக்கு மேல் போகும். எங்கள் சாத்தூர்ப் பக்கம் கரிசல் மண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அரையடி பள்ளம் வெட்டி நிறுத்திய முதல் அடுப்பு ஒரே மழைக்கு ஒருபக்கம் சாய்ந்தது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை: உங்கள் மண்ணை விசாரித்து அஸ்திவாரம் போடுங்கள்.

தண்ணீர்

என்னைக் கேட்டால் சிமென்ட்டைவிட அதிகம் அடுப்புகளைக் கெடுப்பது இதுதான். காரணம், தவறு கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் கல்லை இரவு முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்டுவோம், கட்டியதும் காலை மாலை தண்ணீர் ஊற்றுவோம். ஃபயர் பிரிக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும். கட்டி முடித்து ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வைக்கலாம். அப்புறம் தண்ணீர் எதிரி. வெர்மிகுலைட் கான்கிரீட் பஞ்சு மாதிரி, மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே லிட்டர் கணக்கில் நீர் நிற்கும். அந்த நிலையில் பெரிய நெருப்பு போட்டால் நீர் ஆவியாகும். ஆவி, நீரைவிட 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் கல்லை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

முதல் அடுப்புக்குப் பத்தே நாளில் திறப்பு விழா வைத்தேன். சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, சீமைக்கருவேல் விறகை மடமடவென்று அடுக்கி எரித்தேன். அரைமணியில் உள்ளே "டப்" என்று ஒரு சத்தம், பட்டாசு போல. ஒரு கல்லின் முகம் தட்டையாகப் பெயர்ந்து தளத்தில் கிடந்தது. "திருஷ்டி கழிஞ்சுது" என்றாள் அத்தை.

இரண்டாவது தடவை மூன்று வாரம் சும்மா காயவிட்டேன். பிறகு ஒரு வாரம் தினமும் சின்ன நெருப்பு. முதல் நாள் 100, 150 டிகிரியில் சில மணி நேரம். அடுத்தடுத்த நாள் 50 டிகிரி கூட்டி. இந்த நாட்களில் பிளாங்கெட் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு வையுங்கள். அடுப்பிலிருந்து நீர் வருவது தாளின் அடியில் முத்துமுத்தாகத் தெரியும். ஐந்தாம் நாள் வரை எனக்கு அது நிற்கவில்லை. தாள் காய்ந்த பிறகே வெளிப்பூச்சு. அவசரப்பட்டுப் பூசினால் நீரை உள்ளே வைத்துச் சமாதி கட்டியதாகிவிடும். இவ்வளவு செய்தும் மயிரிழை விரிசல் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கும் பொருளுக்கு அது இயல்பு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலே மறைப்பில்லாத அடுப்பு மறுபடி நனைந்துவிடும். மேலே ஒரு தகரக் கொட்டகை போட்டுவிடுங்கள். நனைந்துவிட்டால் சின்ன நெருப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

எரிக்கும்போது

எங்கள் பக்கம் சீமைக்கருவேலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெட்டிய பச்சை விறகு புகைதான் தரும். மணிக்கட்டுக் கனத்தில் பிளந்து ஆறு மாதம் காய்ந்தது வேண்டும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் கூடாது. வேலியில் நிற்கும் அரளியை வெட்டிப் போட்டுவிடாதீர்கள், அதன் புகையே விஷம். தந்தூர் அடுப்பு போலத் தணலைக் குவித்து வைப்பதும் பலன் தராது. பீட்சாவின் மேற்பக்கம் வேகக் கூரையில் தீநாக்கு ஓட வேண்டும்.

எரிய ஆரம்பித்ததும் கூரை கரி பிடித்துக் கறுக்கும், பிறகு சூடேறியதும் அந்தக் கரியே எரிந்து உச்சியிலிருந்து வெளுத்துக்கொண்டு கீழே இறங்கும். முழுசாக வெளுத்த பின் தளத்தின் சூட்டைப் பாருங்கள். துப்பாக்கி வடிவ வெப்பமானி வாங்கினால் 550 டிகிரி வரை காட்டுவதாக வாங்க வேண்டும். மலிவானவை பல 400க்குள் நின்றுவிடும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டியதை எடுத்து வராதீர்கள், நான் எடுத்து வந்தேன்.

வாசலுக்கு ஒரு கதவு செய்ய மறந்துவிடுகிறார்கள் பலரும். மரச்சட்டத்துக்கு உள்பக்கம் செராமிக் பிளாங்கெட்டை வைத்துத் தகடு அடித்தது எங்களுடையது. தணலை வாரிவிட்டு ராத்திரி அதை மூடி வைத்தால், மறுநாள் காலை தளம் 180 டிகிரி காட்டுகிறது. மேஸ்திரி அண்ணன் அந்த நேரம் பார்த்து ஒரு தூக்குச்சட்டி நிறைய வேர்க்கடலையோடு வந்துவிடுவார். ஒன்பது இஞ்ச் போட்டிருந்தால் சாயங்காலம் வரை சூடு நின்றிருக்கும் என்று இன்னமும் சொல்கிறார்.