மாடித் தக்காளியில் அடிக்கருகல் நின்ற விதம்
மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பைகளில் வளர்த்த பி.கே.எம். 1 ரகத் தக்காளிச் செடிகள் நன்றாகக் காய்த்தபோதும், காய்களின் அடிப்பக்கம் தோல்போலக் கறுத்து உட்குழிந்துகொண்டே வந்தது. இதற்குப் பூச்சியோ பூஞ்சையோ காரணமன்று. வேர் உறிஞ்சும் நீரோடுதான் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் செல்லும் என்பதால், பை ஒரு பொழுது காய்ந்து மறுபொழுது நனைந்தால் அச்சத்து காயின் அடியை எட்டாமல் அப்பகுதி கருகுகிறது. எனவே அடுத்த நடவுக்கு 40 லிட்டர் பைகளை வாங்கி, செம்மண், மட்கிய தொழுவுரம், உப்பு நீங்க நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து நிரப்பினேன். மேலே சருகைக் கனமாகப் பரப்பி, விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்து, காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். சுண்ணாம்புச் சத்துக்காகப் பலரும் பரிந்துரைக்கும் முட்டை ஓட்டுத் தூள் கரைய மாதங்களாகும். காய்த்து நிற்கும் செடிக்கு அது உதவாது. முதல் கொத்தில் மட்டும் சில காய்கள் கருகின. பின்வந்த கொத்துகள் அடிவரை வழவழப்பாகவே பழுத்தன.