மலையேறப் பூட்ஸ் வாங்குவது எப்படி? கொழும்பிலிருந்து புறப்படுபவர்களுக்கு

நான்கு வருடமாக அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். அதுவரை மூன்று தடவை போட்டிருப்பேன், பார்க்கப் புதுசாகவே இருந்தது. உலக முடிவு என்ற செங்குத்துச் சரிவைப் பார்த்துவிட்டு பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் நடக்கும்போது வலது காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் அடிப்பகுதி குதிப் பக்கமாக வாயைப் பிளந்து தொங்குகிறது. கொஞ்ச நேரத்தில் இடது காலும் அப்படியே. லேஸைக் கழற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதி வழியை நடந்து முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பூட்ஸைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரையில் பாதி நமக்குப் பொருந்தாது. நம் பாதைகளில் இருப்பது பனி அல்ல. சேறு, வழுக்குப் பாறை, அட்டை, வெக்கை. வாங்கிய பூட்ஸ் வருடம் முழுவதும் கிடப்பதும் கொழும்பின் ஈரக்காற்றில்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே போகப் போகிறீர்கள்?

எல்லாப் பயணத்துக்கும் பூட்ஸ் தேவையில்லை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறினால் பாதை முழுக்கப் படிக்கட்டு. நல்ல பிடிப்புள்ள ஓட்டச் சப்பாத்தே போதும். செருப்போடும் வெறுங்காலோடும் ஏறுகிற பெரியவர்களை அங்கே பார்க்கலாம். எல்லவில் சின்ன சிவனொளிபாதத்துக்கும் அப்படித்தான். நக்கிள்ஸ் மலைத்தொடரில் இரண்டு நாள், முதுகில் பத்துக் கிலோ பை, அல்லது மழைக்காலத்தில் சிங்கராஜ வனம் என்றால் பூட்ஸ் வாங்குங்கள்.

கணுக்காலை மூடும் நடுத்தர உயரம் போதும். உயரமான பூட்ஸ் போட்டால் கால் பிசகாது என்று பலர் நம்புகிறார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் கல்லும் சேறும் உள்ளே போகாமல் அது தடுக்கும்.

வேட்டைக்காரர்களுக்கென்று செய்த பூட்ஸும் சில கடைகளில், முக்கியமாகப் பழைய பொருள் விற்கும் இடங்களில், கண்ணில் படும். தைத்த விதமும் தோலும் அருமையாக இருக்கும். வாங்கும் முன் உள்ளே 200, 400, 800 கிராம் என்று ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது குளிர் தாங்குவதற்காக உள்ளே வைத்த பஞ்சின் கனம். உறைபனியில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கானது. நம் ஊரில் அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் கால் வேர்வையில் ஊறிவிடும். பஞ்சு வைக்காதது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

இரண்டாம் படி: வீட்டில் பாதத்தை அளவெடுங்கள்

மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும்; மலையில் இன்னும் வீங்கும். தரையில் ஒரு தாளை வைத்து, குதியைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும், கணக்கு அந்தக் காலுக்குத்தான்.

பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சுமார் 6.7 மில்லிமீட்டர், பிரித்தானிய அளவில் சுமார் 8.5. ஒன்றை மற்றதாக மாற்றும்போது சரியாகப் பொருந்தாது. அதோடு பூட்ஸ் செய்யும் கால் அச்சும் கம்பனிக்குக் கம்பனி மாறும்.

மூன்றாம் படி: கடையில் அவசரப்படாதீர்கள்

புறக்கோட்டையோ பம்பலப்பிட்டியோ, எந்தக் கடையானாலும் மலைக்குப் போடப்போகும் சொக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். கொஞ்சம் தடித்த கம்பளி அல்லது செயற்கை இழையாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம். நனைந்தால் காயவே காயாது, கொப்புளம் நிச்சயம்.

பூட்ஸின் உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பாதம் வெளியே வழிந்தால் அந்தச் சோடி உங்களுக்கு ஒடுக்கம். நம்மில் பலர் செருப்போடு வளர்ந்தவர்கள், முன்பாதம் விரிந்திருக்கும். நீளம் சரி, அகலம் போதாது என்பதுதான் கடையில் அடிக்கடி நடப்பது. “போடப் போட இளகும்” என்பார் கடைக்காரர். தோல் கொஞ்சம் இளகும். நீளம் கொஞ்சமும் அதிகரிக்காது.

பிறகு போட்டு, லேஸை இறுக்கி, கடையின் படிக்கட்டில் இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தால் வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் மூன்று மணி நேரத்தில் நகம் கறுத்துவிடும். ஏறும்போது குதி மேலே கழன்று கழன்று வந்தால் கொப்புளம் வரும். குதி மட்டும் லேசாக அசைகிறது, மற்றதெல்லாம் சரி என்றால் லேஸில் ஒரு வேலை செய்யலாம். கடைசித் துளைக்கு லேஸைக் குறுக்காகக் கொண்டு போகாமல், அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு சிறு வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, எதிர்ப்பக்க வளையத்துக்குள்ளால் லேஸை எடுத்து இழுத்துக் கட்டுங்கள். குதி பின்னால் போய்ப் பதிந்து உட்கார்ந்துவிடும்.

குறைந்தது பத்து நிமிடம் போட்டபடி நடங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

நான்காம் படி: அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள்

என் பூட்ஸ் கைவிட்டது இந்த இடத்தில்தான். தரையில் படும் ரப்பருக்கும் மேலே உள்ள தோலுக்கும் நடுவில் ஒரு மெத்தை அடுக்கு இருக்கிறது. அது பெரும்பாலும் ஈ.வி.ஏ. அல்லது பாலியூரித்தேன், இரண்டும் நுரை போன்ற செயற்கைப் பொருள். ஈ.வி.ஏ. எடை குறைவு, நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும். பாலியூரித்தேன் கனமான சுமையை நன்றாகத் தாங்கும், நீண்ட நாள் துள்ளலும் இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளேயிருந்து மெதுவாக உடைக்கும். வெக்கை கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். போடாமல் வைத்திருந்தாலும் உடையும். சும்மா கிடக்கும் பூட்ஸ்தான் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகிப் போகும். கொழும்பு அலுமாரிக்குள் ஈரமும் வெக்கையும் இரண்டும் உண்டு.

எனவே “பழைய சரக்கு, பாதி விலை” என்று சொன்னால் பூட்ஸ் நாக்கின் (லேஸுக்குக் கீழே உள்ள மடிப்பு) உட்புறச் சீட்டைப் பாருங்கள், தயாரித்த மாதமும் வருடமும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய பாலியூரித்தேன் அடியை எந்த விலைக்கும் நான் வாங்க மாட்டேன். நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மயிரிழை வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

ரப்பரில் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழமான கட்டைகள் இருக்கட்டும். கட்டைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தால்தான் சேறு தானாக உதிரும். குதிக்கு முன்னால் தெளிவான ஒரு படி வெட்டு இருந்தால் இறக்கத்தில் அது பிரேக் போல நிற்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூடக் கொடுக்காத ரப்பர் நனைந்த பாறையில் வழுக்கும். பல பூட்ஸின் அடியில் விப்ரம் என்ற மஞ்சள் முத்திரையைக் காண்பீர்கள். 1935இல் அல்ப்ஸ் மலையில் தன் தோழர்கள் ஆறு பேரை இழந்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, ரப்பர் அடி செய்யத் தொடங்கிய கதை அதன் பின்னால் இருக்கிறது.

ஐந்தாம் படி: நீர்புகாத் துணி வேண்டுமா?

கோர்-டெக்ஸ் போன்ற நீர்புகா உள்ளுறை உள்ள பூட்ஸ் விலை கூடியது. நக்கிள்ஸில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேலிருந்து உள்ளே போகும். போன தண்ணீரை அந்த உள்ளுறை வெளியே விடாது, நாள் முழுக்கச் சளக் சளக் என்று நடக்க வேண்டும். காற்றோட்டமான துணியும் தோலும் கலந்த சாதாரண பூட்ஸ் சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். நம் காட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த காலையில் பனித்துளி படிந்த புல்லுக்கு மட்டும் என்றால் நீர்புகாதது சுகம்தான்.

அட்டைக்குப் பூட்ஸ் மட்டும் போதாது. எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறையைத் தனியாக வாங்கி, சொக்ஸுக்கு மேலே போட்டுப் பிறகு பூட்ஸ் போடுங்கள்.

ஆறாம் படி: பழக்குங்கள், காய வையுங்கள்

வாங்கிய வாரமே மலைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு காலி முகத்திடலில், அப்புறம் பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு மாடிப் படிகளில். திடலில் ஏற்ற இறக்கம் இல்லை, அதனால் மாடிப்படியை விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் போதும். எங்கே உரசுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் சேற்றைக் கழுவி, மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பேப்பர் நனைந்ததும் மாற்றுங்கள். சுள்ளென்ற வெயிலும் அடுப்படியும் வேண்டாம், பசை இளகும், தோல் வெடிக்கும். பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் தள்ளாமல், காற்றுப் படும் தட்டில் வைத்து மாதம் ஒரு தடவையாவது போட்டு நடங்கள். அடுத்த பயணத்துக்கு முதல் நாள் நடு அடுக்கை மறுபடி அழுத்திப் பாருங்கள். பைக்குள் ஒரு சோடி உபரி லேஸ் போட்டுக்கொள்ளுங்கள்.