பட்டறை வேலைக்குக் கேட் (CAD) மென்பொருள்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடும் மெஷின்களில் பல மிகப் பழையவை. ஒரு புஷ்ஷோ, பேரிங் உட்காரும் கூடான ஹவுசிங்கோ தேய்ந்துவிட்டால் கடையில் கிடைக்காது. தேய்ந்ததை அளந்து, கணினியில் வரைந்து, கோயம்புத்தூருக்கு ஃபைல் அனுப்பி வி.எம்.சி.யில் (கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் மெஷின்) வெட்டி வாங்குவதுதான் வழி. சில வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். இப்படிப் பாகங்களைக் கணினியில் வரைய எந்தக் கேட் மென்பொருள் நல்லது என்று கேட்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு நானே செய்தது. வீடு, அறைகலன் வரையும் ஒரு மென்பொருள் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. அதிலேயே 6211 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கான ஹவுசிங்கை வரைந்து அனுப்பினேன். மறுநாள் பட்டறையிலிருந்து போன்: "இதுல வட்டமே இல்லைங்களே!" திரையில் வட்டமாகத் தெரிந்தது உண்மையில் 24 நேர்கோடுகள். அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 100 மி.மீ. அதாவது மையத்திலிருந்து ஓட்டைச் சுவர் எல்லாப் பக்கமும் 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 24 பக்க உருவத்தில் மூலைகள்தான் 50-இல் நிற்கும், ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் 49.57தான் வரும். எச்7 (H7) என்ற, ஓட்டைகளுக்கான துல்லிய அளவுகோலில் இந்த விட்டத்துக்கு அனுமதிக்கும் பிசகே மொத்தம் 0.035 மி.மீ. பேரிங் உள்ளேயே போயிருக்காது.

அதனால் மென்பொருள் எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்பதைப் பார்க்காதீர்கள். வட்டத்தை வட்டமாகவே வைத்திருக்கிறதா, எல்லா கேட் மென்பொருளும் பொதுவாகப் படிக்கும் ஸ்டெப் (STEP) ஃபைலாகக் கொடுக்கிறதா என்று பாருங்கள். எஸ்.டி.எல். (STL) ஃபைல் 3டி பிரிண்டருக்குச் சரி. அதில் எல்லாமே முக்கோணங்கள்தான், அளவு மி.மீ.யா அங்குலமா என்பதுகூட அதில் பதிவாகாது.

அடுத்தது, இலவசம் என்றதும் உரிமத்தைப் படிக்காமல் இறங்குவது. ஃப்யூஷன் அருமையான மென்பொருள். ஆனால் அதன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒரே நேரத்தில் திருத்தும் நிலையில் 10 ஃபைல்கள்தான் வைத்துக்கொள்ளலாம். ஆன்ஷேப் என்ற இன்னொரு மென்பொருளின் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பாகத்தை அப்படிப் பொதுவில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. கூலி வாங்கிச் செய்கிற வேலைக்குத் தடையில்லாத இலவசம் வேண்டுமென்றால் ஃப்ரீகேட் இருக்கிறது.

அப்புறம் நெட்வொர்க். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இங்கே மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். ஆன்ஷேப் பிரவுசரில்தான் ஓடும், இணையம் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். மழைக்காலத்தில் மெஷின் நின்றுபோன ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த நிலைமை வரக்கூடாது. லேப்டாப்பிலேயே முழுதாக ஓடுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறுதான். ஃப்ரீகேடில் முன்னால் போட்ட ஓர் அளவை மாற்றினால் பின்னால் போட்ட ஓட்டைகள் இடம் மாறிவிடும் என்ற புகார் நெடுநாள் உண்டு. உண்மையான புகார்தான். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அது பெருமளவு சரியாகிவிட்டது. எதை எடுத்தாலும் இந்தச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள்: பாகத்தை முழுதாக வரைந்து முடித்தபின், முதலில் போட்ட ஷாஃப்ட் விட்டத்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் கூடவே நகர வேண்டும். தேய்ந்த பாகத்தை அளந்து வரைகிறவர்களுக்கு இது தினசரித் தேவை, முதல் அளவு அநேகமாகச் சரியாக வராது.

டிராயிங் தாளை மறப்பவர்களும் உண்டு. ஸ்டெப் ஃபைலில் வடிவம் போகும், டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் பிசகு) மரையின் விவரமும் பெரும்பாலும் போகாது. இங்குள்ள பழைய பிரிட்டிஷ் மெஷின்களில் விட்வொர்த் என்ற அங்குல அளவு மரை இருக்கும். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கில் 60. தாளில் எழுதாவிட்டால் வெட்டுகிறவர் மெட்ரிக் என்றே எடுத்துக்கொள்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தாளில் அளவுகளைத் தெளிவாகப் போட வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டித் தருகிறவர் சாலிட்வொர்க்ஸ் என்ற கட்டண மென்பொருள் வைத்திருக்கிறார் என்பதற்காக நீங்களும் அதையே வாங்கத் தேவையில்லை. வாங்கினாலும், புதிய வருடப் பதிப்பில் சேமித்த ஃபைல் அவருடைய பழைய பதிப்பில் வழக்கமாகத் திறக்காது. எப்படியும் ஸ்டெப்தான் அனுப்பப் போகிறீர்கள்.

நான் இப்போது ஃப்ரீகேடில்தான் வரைகிறேன். விளிம்புகளை உருட்டும் ஃபில்லட்டில் மட்டும் இன்னும் சில நேரம் தகராறு செய்கிறது. அதை எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் போடுங்கள்.