மீட்டர் போர்டில் ஐந்தாறு விளக்கு ஒன்றாக எரிந்தால்

தூத்துக்குடியில் இருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிறேன். பதினோரு வருடமாக இதே வேலை, ஓடுவது இரண்டாவது பிக்கப். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை. எட்டயபுரம் தாண்டியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்). என்னவென்று பார்ப்பதற்குள் பிரேக் விளக்கு, இன்ஜின் விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. பேட்டரி விளக்கு மட்டும் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. கார்த்திகைக்கு இன்னும் நாள் இருந்தது, என் மீட்டர் போர்டில் அன்றைக்கே தீபம் ஏற்றியாயிற்று.

வண்டி என்னவோ ஓடியது. மெதுவாக ஓட்டி, மீனை இறக்கிவிட்டு, காலையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஏபிஎஸ் பெட்டியே போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கிறது என்று இரண்டு வாரம் முன்னால்தான் புது பேட்டரி வாங்கிப் போட்டிருந்தேன். இதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. ஊர் திரும்பி, பழக்கமான எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் விட்டேன். அவர் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார், கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இன்ஜினில் இருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டை, அதாவது பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி, உப்பேறி இற்றுப்போயிருந்தது. பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து 450 ரூபாய்.

அன்று அவர் செய்ததையும், பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில், விளக்கு எரிந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்துப் போட்டால் சில விளக்கு போய்விடும், மெக்கானிக்கிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரே விதிவிலக்கு சிவப்பில் ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ எரிவது. அப்போது போட்டோ எல்லாம் வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

அடுத்தது, எந்த விளக்கோடு எந்த விளக்கு சேர்ந்து எரிகிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்து பாகம் கெட்டுப்போவது அபூர்வம். ஐந்துக்கும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கும்.

பேட்டரி விளக்கும் டெம்பரேச்சரும் சேர்ந்து வந்து, ஸ்டியரிங்கும் கல் மாதிரி ஆனால் பெல்ட் அறுந்திருக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, தண்ணீர் பம்ப், ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றும் வண்டிகளில் இப்படித்தான் ஆகும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்வம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும். அதனால் பெல்ட் போனால் பிரேக் பெடலும் மிதிக்க முடியாமல் இறுகும். பக்கத்தில்தான் பெட்ரோல் பங்க் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஏபிஎஸ் விளக்கும் பிரேக் விளக்கும் மட்டும் வந்தால் முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்க்கும் வீல் சென்சார் பக்கம் போகலாம். சேறு, இரும்புத் தூள், ஆடும் பேரிங், அறுந்த ஒயர், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு வந்தால் வேறெங்கும் தேடவே வேண்டாம். இந்த இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும்போது பின் சக்கரத்துக்குப் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு, அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். காலியாக வரும்போதுதான் அதிக கவனம் வேண்டும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் எல்லாம் எரிந்தால், எனக்கு வந்த மாதிரி, கரண்டைச் சந்தேகப்படுங்கள். வோல்ட் குறைந்தால் ஏபிஎஸ் பெட்டி தானாக ஒதுங்கிக்கொள்ளும், மற்றவையும் ஆளுக்கொரு விளக்கைப் போட்டுவிடும்.

இதற்கு வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர். 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 பக்கம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-ல் இருந்து 14.5 வரை. ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் கோளாறு. 15-ஐத் தாண்டினாலும் கோளாறுதான், டைனமோவில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கும்.

என் வண்டியில் இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் 12.4 காட்டியது. இந்த இடத்தில்தான் பலர் டைனமோவைக் கழற்றிவிடுகிறார்கள். அண்ணாச்சி டைனமோவின் பின்னால் இருக்கும் பிளஸ் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வைத்துப் பார்த்தார், 14.2. டைனமோ கொடுக்கிறது, பேட்டரிக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தின்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, இன்ஜினும் லைட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் ஈயத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மைனஸ் குறி வந்தால் பயப்படாதீர்கள், எண்தான் முக்கியம். எனக்கு 1.7 வந்தது. அப்புறம் முனையைச் சேஸிஸ், பாடி என்று நகர்த்திக்கொண்டே போனால் எந்த இணைப்பில் எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது. பட்டையை வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் பச்சைப் பொடியாகக் கொட்டியது. ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் செய்த வேலை.

இரண்டு விஷயத்தைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்போது எகிறுகிற வோல்ட், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மைக் கொன்றுவிடலாம். கூண்டுக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் விடுவதும் அதே மாதிரிதான். வெல்டிங் வைத்த சாயங்காலமே எல்லா விளக்கும் எரிந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டை (கோடு, அதாவது code) படிக்கும், போனோடு சேரும் சின்ன ஸ்கேனர் இருந்தால் நல்லது. பி0562 வந்தால் வோல்ட் குறைவு. யு என்று தொடங்கும் கோடு பல வந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை, கரண்ட் குறைவு இல்லையென்றால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். ஆனால் மலிவான ஸ்கேனர் பல வண்டிகளில் ஏபிஎஸ் கோடைக் காட்டாது. கோடு இல்லை என்பதற்காக பிரேக் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

புதுப் பட்டை போடும்போது இரண்டு பக்கமும் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். நான் இப்போது மீன் இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். சரி செய்த பிறகும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை என்றால் அங்கேயே நின்று பதறாதீர்கள். பல வண்டிகளில் சக்கரம் சுற்றி, சென்சார் எல்லாம் சரி என்று பார்த்த பிறகுதான் அணையும். என்னுடையது தெருமுனை திரும்பியதும் அணைந்தது.