மேஸ்திரி நோட்டைப் பார்க்காமல் லோ-கோடு ஆப் உருவாக்காதீர்கள்

வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு தோல் தொழிற்சாலைக்கு, அதிகம் கோடு எழுதாமலே ஆப் உருவாக்க உதவும் லோ-கோடு தளத்தில், சரக்கு இருப்பைப் பதியும் ஸ்டாக் ஆப் ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டே நாளில் திரை தயார், ஓனருக்கு ஒரே குஷி. மூன்றாவது வாரம் மேஸ்திரி பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார். தப்பு அவர் மேல் இல்லை.

கட்டங்களை இழுத்துப் போட்டால் திரை வந்துவிடுகிறது. அதனால் எல்லோரும் திரையிலேயே ஆரம்பிக்கிறோம். நானும் லாட்டுக்கு, அதாவது ஒன்றாக வரும் தோல் தொகுதிக்கு, ஒரு வரி என்று டேபிள் போட்டேன். ஆனால் தோல் லாட் கடைசி வரை ஒரே லாட்டாக இருக்காது. பச்சைத் தோலாக உள்ளே வருவது, வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) ஆனதும் தரம் பார்த்து நான்கைந்து செலக்‌ஷனாகப் பிரிகிறது. அதில் கொஞ்சம் கிரஸ்ட்டுக்குப் (ஃபினிஷுக்கு முந்தைய உலர்ந்த நிலை) போகும், கொஞ்சம் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் (கூலிக்கு வேலை செய்து தரும் இடம்) போகும், மீதி அங்கேயே அடுக்கிக் கிடக்கும். உள்ளே வரும்போது உருப்படியாக எண்ணுகிறார்கள், ஃபினிஷ் ஆனதும் சதுர அடியில் விற்கிறார்கள். என் திரையில் இருந்ததோ 'அளவு' என்று ஒரே ஒரு கட்டம். மனுஷன் அதில் எதைப் போடுவார்? அப்புறம் லாட், அதன் பிரிவு, ஒவ்வொரு வரவு போக்கு என மூன்று டேபிளாக்கி முதலிலிருந்து செய்தேன். அரை நாள் அவர் நோட்டைப் புரட்டியிருந்தால் இந்த வேலை மிச்சம்.

தேதியிலும் சறுக்கினேன். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய தேதியைச் சாதாரண எழுத்துக் கட்டமாக விட்டுவிட்டேன். ஒருவர் '12-3' என்றார், இன்னொருவர் 'மார்ச் 12' என்றார். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு பொதுவாக 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கணக்கு. எழுத்தாகக் கிடக்கும் தேதியை வைத்து எந்த ஆப் நினைவூட்டும்?

இன்னொரு தவறு சத்தமே போடாது. மைக்ரோசாஃப்டின் லோ-கோடு தளமான பவர் ஆப்ஸில், ஷேர்பாயின்ட் லிஸ்ட்டை (அவர்களின் ஆன்லைன் பட்டியல்) வைத்து மொத்தம் போட்டால், முதல் 500 வரியை மட்டும் எடுத்துக் கூட்டும். செட்டிங்கில் 2000 வரை ஏற்றலாம், அதற்கு மேல் இல்லை. ஆப் செய்பவருக்கு ஒரு மஞ்சள் முக்கோணம் தெரியும். பயன்படுத்துபவருக்கு ஒன்றும் தெரியாது, தப்பான தொகைதான் அழகாக நிற்கும். 30 வரி வைத்துச் சோதித்தால் எல்லாமே சரியாகத்தான் வரும். போலியாக 3000 வரி ஏற்றிவிட்டு, எக்செல் கூட்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. பவர் ஆப்ஸில் ஷேர்பாயின்ட்டை விட்டு எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸுக்கு மாறினால் பிரீமியம் லைசென்ஸ் வேண்டும்.

ஆப்பை யாருடைய சொந்த மெயில் ஐடியிலும் கட்ட விடாதீர்கள். செய்த பையன் காட்பாடியில் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய்விட்டால் சாவியும் அவனோடு போய்விடும். ஓடுகிற ஆப்பிலேயே நேரடியாகக் கை வைப்பதும் வேண்டாம், சோதனைக்குத் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேஸ்திரி ஆப்பில்தான் பதிவு போடுகிறார். நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.