பிக் பாஸின் வேரைத் தேடுவது எப்படி?

முத்தியால்பேட்டையில் எங்கள் அத்தை பிக் பாஸ் பார்க்கத் தட்டோடு உட்கார்ந்தால் விளம்பரம் வந்தால்தான் ரசம் ஊற்றிக்கொள்வார். ரியாலிட்டி ஷோ எங்கே தொடங்கியது என்று தேட அங்கிருந்தே பின்னோக்கிப் போங்கள். தமிழுக்கு வந்தது 2017, அதன் மூலமான பிக் பிரதர் நெதர்லாந்தில் பிறந்தது 1999, இது சுலபம். அடுத்து 1973-ல் நிதானமாக நில்லுங்கள்: அமெரிக்காவில் லவுட் என்ற குடும்பத்தோடு மாதக்கணக்கில் கேமராவை வைத்து எடுத்த ஆன் அமெரிக்கன் ஃபேமிலி என்ற தொலைக்காட்சித் தொடர், மொத்தம் 12 பகுதி, அதில் மனைவி கணவரை வீட்டை விட்டுப் போகச் சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கிறது, எனக்கு இன்னும் மனசு கனக்கிற இடம். அதற்கும் பின்னால் போனால் கேண்டிட் கேமரா என்ற வேடிக்கை நிகழ்ச்சி. ஆலன் ஃபண்ட் 1947-ல் மைக்கை ஒளித்துவைத்து வானொலியில் ஆரம்பித்தது, மறுவருடமே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் இதை மட்டும் கவனியுங்கள், கேமரா இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?