காதுக்குச் செய்ததை மூக்குக்குச் செய்யாதீர்கள்

எனக்குக் காது குத்தியது ஒரு வயதில், குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில். அழுததோடு சரி, வேறொன்றும் நினைவில்லை. மூக்கு குத்திக்கொண்டது இருபத்தாறு வயதில், யாரும் வற்புறுத்தாமல் நானே விரும்பிப் போய். எட்டு மாதம் பாடாய்ப் படுத்தியது இரண்டாவதுதான். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு, தினமும் திருகிவிடு, வேப்பங்குச்சி செருகிவை. சொன்னதையெல்லாம் செய்தேன். மூக்கு வீங்கியது, ஆறியது, மறுபடியும் வீங்கியது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நான் கேட்டு நடந்த அத்தனையும் காதுக்கான வைத்தியம் என்று.

காது மடலின் அடிப்பகுதி மெத்தென்ற சதை. எலும்போ குருத்தெலும்போ கிடையாது, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். மூக்கு மடல் அப்படியல்ல. கீழ் விளிம்பு கொழுப்பும் நாரும் கலந்தது, சற்று மேலே ஏறினால் குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய்கள் இல்லை. தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. அதனால் அங்கே கிருமி புகுந்தால் எளிதில் வெளியேறாது. போதாக்குறைக்கு, மூக்குத் துளையின் ஒரு வாய் வெளியே வெயிலிலும் புழுதியிலும் இருக்கிறது, மறுவாய் உள்ளே சளியின் ஈரத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் மூன்றே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். உள்ளே சதை கூடி முழுதாக ஆற நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

இந்தக் கணக்கு தெரியாததால்தான் முதல் தவறே நாள் பார்ப்பதில் நடக்கிறது. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு போய் மூக்கு குத்திவருகிறார்கள். சிவந்து வீங்கிய மூக்கின் மேல் பவுடரும் ஃபவுண்டேஷனும் பூசி, புதுத் துளைக்குள் கல்யாண பேசரியைத் திணித்து, போதாததற்கு வருகிற அத்தைமார் எல்லாரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினால் அந்த மூக்கு என்ன பாடுபடும்? கல்யாணத்துக்கென்றால் குறைந்தது ஆறு மாதம் முன்பே குத்த வேண்டும். அவகாசம் இல்லையென்றால் குத்தாமல் அழுத்தி மாட்டும் மூக்குத்தியை அன்று ஒருநாள் போட்டுக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது.

இன்னொரு நாள் கணக்கும் உண்டு, பெற்றோர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீட் தேர்வுக்கு நகை அணிந்து போகக் கூடாது, மூக்குத்தியும் அதில் அடக்கம். தேர்வு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் ஏப்ரலில் மூக்கு குத்திக்கொண்ட பெண், மே மாதம் தேர்வு மையத்தின் வாசலில் நின்று அதைக் கழற்ற வேண்டியிருக்கும். புதுத் துளையில் கம்பி இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே உள்வாய் சுருங்கத் தொடங்கிவிடும். மாலையில் வந்து மறுபடி செருகுவதற்குள் கண்ணீரும் ரத்தமும் வரும். தேர்வு முடியட்டும், பிறகு குத்திக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கோ நாள் குறித்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். மூக்கின் மேல் பரு இருக்கும்போதும், சளி பிடித்துச் சிந்திக்கொண்டிருக்கும்போதும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும், கர்ப்ப காலத்திலும் தள்ளிப் போடுவது நல்லது.

சரி, யாரிடம் குத்திக்கொள்வது? அழகு நிலையங்களிலும் சில நகைக்கடைகளிலும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 'டப்' என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது என்பார்கள். நானும் அந்தச் சத்தத்துக்கு மயங்கியவள்தான். துப்பாக்கி என்ன செய்கிறது என்றால், மூக்குத்தியின் மழுங்கிய முனையை விசையோடு சதைக்குள் தள்ளுகிறது. கூரான ஊசி சதையைச் சுத்தமாகக் கீறி வழி உண்டாக்கும். துப்பாக்கி நசுக்கிக்கொண்டு நுழையும். காது மடலாவது அதைத் தாங்கிக்கொள்ளும், குருத்தெலும்பு தாங்காது. கருவியின் உடல் பிளாஸ்டிக் என்பதால் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் வழியில்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். தவிர, அதில் வரும் மூக்குத்தியின் தண்டு நீளம் குறைவு. குத்திய இடம் வீங்கும்போது அதற்கு இடமே இல்லாமல் உலோகம் சதைக்குள் புதைந்துவிடும்.

பத்தரிடம் போவது பழைய வழக்கம். தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி, அதனாலேயே குத்தி, வளைத்து முறுக்கிவிடுவார். நல்ல பத்தரின் கை நிதானம் எந்தக் கருவிக்கும் வராது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கம்பியும் குறடும் எதில் சுத்தம் செய்யப்பட்டன, கையைக் கழுவினாரா, கையுறை உண்டா என்று கேட்கத்தான் வேண்டும். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும் ஒருவர் ரத்தம் பட்ட ஊசியிலிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடியவை. என்னைக் கேட்டால், உறை பிரிக்காத ஊசியை உங்கள் கண்முன் பிரித்துக் குத்துகிறவரிடம் போங்கள். அவர் தோல் மருத்துவராக இருந்தாலும் சரி, துளையிடுவதையே தொழிலாகக் கற்றவராக இருந்தாலும் சரி. கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

வலமா இடமா என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் வலப்பக்கம், வடக்கே இடப்பக்கம். இரண்டு பக்கமும் குத்திக்கொள்வதும் உண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமியின் வைர மூக்குத்திகளை யார் மறப்பார்கள்? இடப்பக்கம் குத்தினால் பிரசவம் எளிதாகும் என்பார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. நான் பார்க்கச் சொல்வது வேறு: எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து உறங்குகிறீர்கள்? அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். புள்ளி வைப்பதிலும் அவசரம் கூடாது. படுக்கவைத்துப் புள்ளி வைத்தால் எழுந்து நிற்கும்போது இடம் மாறித் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஒற்றைக்கல் போடப் போகிறீர்களா, எட்டுக்கல் பேசரியா, வளையமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வளையத்துக்கு உகந்த இடத்தில் பேசரியை வைத்தால் அது மூக்கு விளிம்பைத் தாண்டித் தொங்கும்.

உலோகத்தில் நடக்கும் தவறுகள் தனிக்கதை. ஆறும்வரை கவரிங் போட்டுக்கொள்ளலாம், தங்கம் பிறகு என்பது சிக்கனம்போல் தோன்றும். கவரிங்கின் முலாம் தேய்ந்தால் உள்ளே பித்தளையோ செம்போ பச்சைப் புண்ணில் படும். வெள்ளி கறுத்துப்போகும், சில சமயம் தோலில் மங்கிய கறையைப் பதித்துவிட்டும் போகும். வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் நிக்கல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பும் நீர்வடிதலும் நிற்காமல் தொடர்ந்தால் முதல் சந்தேகம் நிக்கல் மேல்தான் விழ வேண்டும். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் புதுத் துளைக்கு மிகப் பாதுகாப்பானது. நம் வீடுகளில் தங்கம் தவிர வேறு எதுவும் மூக்கில் ஏறக் கூடாது என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், நிக்கல் கலக்காத நல்ல தங்கமே இருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். ஆக, கடைக்காரர் '916' என்பது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடலாம். எத்தனை காரட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

குத்தி முடித்து வீட்டுக்கு வந்தபின் நடப்பதுதான் பெரிய கூத்து. மூக்குத்தியைத் தினமும் திருகிவிடாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நம் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒட்டாது. கம்பியைச் சுற்றிக் காயும் வெளிர்மஞ்சள் பொருக்கு சீழ் அல்ல, காயம் ஆறும்போது கசியும் நீர் காய்ந்தது. திருகும்போது அந்தப் பொருக்கு உடைந்து, உள்ளே அப்போதுதான் படரத் தொடங்கிய இளந்தோலை அறுத்துக்கொண்டு சுற்றும். ஒவ்வொரு நாளும் புதிதாகக் குத்தியதற்குச் சமம். நான் இரண்டு மாதம் விடாமல் திருகினேன். இரண்டு மாதமும் முதல் நாளிலேயே நின்றேன்.

எண்ணெயும் மஞ்சளும் துளை வாயை அடைத்து அழுக்கைப் பிடித்துவைக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதுச் செல்களையும் பொசுக்கும். வேப்பங்குச்சியை உள்ளே செருகுவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அது கிருமி நீக்கப்படாத ஒரு மரத்துண்டு. தேவையானது மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன், அதாவது 0.9 சதவீத உப்புநீர். கையை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, காஸ் துணியை அதில் நனைத்து, வெளியேயும் மூக்கின் உட்புறமும் ஒற்றி, ஊறிய பொருக்கு தானாக வந்தால் எடுத்து, சுத்தமான டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும். நாளைக்கு இரண்டு முறை போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்பியைச் சுற்றிக்கொள்ளும். திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. சலைன் கிடைக்காவிட்டால் ஒரு டம்ளர் கொதித்து ஆறிய நீரில் கால் டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு. உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று கணக்குப் போடாதீர்கள், தோல் வறண்டு வெடிக்கும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம், சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ஒரு மாதம் ரசம் சாதத்திலேயே என்னைக் கட்டிப்போட்டார்கள். சீழ் வருவது கிருமியால், கத்தரிக்காயால் அல்ல. உங்களுக்கு ஏற்கெனவே ஒவ்வாத உணவு இருந்தால் விலக்குங்கள், மற்றபடி வயிறார உண்ணுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் சமையலறை அல்ல, குளியலறை. டர்கி டவலின் நூல் வளையங்களில் மூக்குத்தி மாட்டி இழுபட்ட வலியை அனுபவித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். முகத்தைத் துடைக்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். சுடிதாரைத் தலைவழியே கழற்றும்போதும், ஹெல்மெட்டை எடுக்கும்போதும் ஒரு கை மூக்குக்குக் காவலாக இருக்கட்டும். சீயக்காயும் ஷாம்பூவும் முகத்தில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்துக் குளியுங்கள். குளம், நீச்சல் குளம், கடல், குற்றால அருவி எதுவானாலும் முதல் சில மாதங்களுக்குத் தலை முழுகுவது வேண்டாம்.

துளைக்குப் பக்கத்தில் சிவந்த சிறு கட்டி முளைத்தால் உடனே 'கீலாய்டு' என்று பயந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது உராய்வாலும் உறுத்தலாலும் வரும் கட்டிதான். காரணத்தை நீக்கினால் மெல்ல வற்றிவிடும். தண்டு நீளமாக ஆடுகிறதா, உலோகம் ஒவ்வவில்லையா, அந்தப் பக்கமே படுக்கிறீர்களா என்று பாருங்கள். அதைக் கிள்ளுவதும், டீ ட்ரீ ஆயிலையோ ஆஸ்பிரினை அரைத்தோ அதன் மேல் பூசுவதும் நிலைமையைக் கெடுக்கும். உண்மையான கீலாய்டு துளையைத் தாண்டிக் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும். வீட்டில் யாருக்காவது தடுப்பூசித் தழும்போ காதுத் தழும்போ அப்படி வளர்ந்திருந்தால், குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சிவப்பு பரவிக்கொண்டே போவது, தொட்டால் சுடுவது, விண்விண்ணென்ற வலி, பச்சையோ அடர்மஞ்சளோ கெட்டியாக வடிவது, காய்ச்சல் எல்லாம் கிருமித்தொற்றின் அடையாளங்கள். பதறிப்போய் மூக்குத்தியைக் கழற்றிவிடாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே அடைபடும். அப்படியே மருத்துவரிடம் போங்கள், கழற்றலாமா என்று அவர் சொல்லட்டும். மூக்கைச் சுற்றியுள்ள ரத்தநாளங்களுக்கு மண்டையின் உட்புறத்தோடு தொடர்பு உண்டு. தொற்று அங்கே பரவுவது அரிதுதான், ஆனாலும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் இடம் இதுவல்ல.

எல்லாம் நல்லபடியாக ஆறியபின் பாட்டியின் திருகு மூக்குத்திக்கு மாறும் நாள் வரும். அதிலும் ஒரு சிக்கல். புதுத் துளைக்குப் போடும் கம்பி பெரும்பாலும் 0.8 அல்லது 1 மில்லிமீட்டர்தான். பழைய திருகு மூக்குத்தியின் தண்டு அதைவிடப் பருமன். எண்ணெய் தடவி ஒரே மூச்சில் அழுத்தி ஏற்றினால் உள்ளே கிழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குத்தியவரிடமே போய்ப் படிப்படியாகப் பருமனைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது பத்தரிடம் கொடுத்துத் தண்டை மெல்லியதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். உறக்கத்தில் கழன்ற திருகாணி மூச்சோடு நுரையீரலுக்குள் போய், மருத்துவர்கள் குழாய் விட்டு எடுக்க வேண்டியதாகிவிடலாம். கழற்றி மாட்டுவதைக் கட்டிலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் உட்கார்ந்து செய்யுங்கள், வாஷ்பேசின் முன்னால் நின்று அல்ல. எங்கள் வீட்டு வாஷ்பேசின் இதுவரை இரண்டு திருகாணிகளை விழுங்கியிருக்கிறது. இரண்டும் தங்கம்.